சொந்த டிரெய்லர்: நீலப் பெயின்ட்டுக்கு அடியில்

சுரக்குடி வயலில் இறங்கி நின்ற வண்டியை கிரேன் வைத்து மேலே ஏற்றி ஐந்து நாளாகிவிட்டது. ஷஃபீனாவுக்கு மட்டும் அது இன்னும் வயலுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது.

அறுவடை முடிந்த வயல். ஆள் யாரும் இல்லாத நேரம். இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் அவள் புருஷன் நஸ்ருதீன் இன்று வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க முடியாது.

டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி அவருடையது. ஹெட் என்பார்கள். சவூதியில், தம்மாமில் பதினோரு வருஷம் டிரெய்லர் ஓட்டிச் சேர்த்த பணத்தையும் ஃபைனான்ஸ் கடனையும் சேர்த்துப் போட்டு வாங்கியது. பின்னால் மாட்டும் டிரெய்லர் கான்ட்ராக்டர் நீலகண்டனுக்குச் சொந்தம். அதில் பிரேக் பிடிக்காது என்று நஸ்ருதீன் மூன்று தடவை சொன்னார். "பாத்துக்கலாம் பாய்" என்று மூன்று தடவையும் பதில் வந்தது. நாலாவது தடவை சொல்வதற்குள் வண்டி வயலில் இறங்கிவிட்டது. கிரேன் செலவை மட்டும் நீலகண்டன் உடனே பார்த்துக்கொண்டார். அதை நஸ்ருதீனின் வாடகையில் பிடித்தார்.

அன்றைக்குத்தான் ஷஃபீனா சொன்னாள்: "நமக்குன்னு ஒரு டிரெய்லர் வாங்கிடுங்க. என்ன ஆனாலும் சரி."

"வாங்குறது பெருசில்ல. டயர், இன்ஷூரன்ஸ், பெர்மிட்டு எல்லாம் நம்ம தலையில விழும். லோடு இல்லாத நாள்ல சும்மா நிக்கிறதும் நம்ம வண்டிதான். இதுல நீலகண்டன் கோவிச்சுக்கிட்டு லோடு குடுக்காம விட்டுட்டா?"

"பிரேக்கு பிடிக்கும்ல?"

மறுநாளே நஸ்ருதீன் குரும்பகரத்தில் ஒரு பழைய டிரெய்லர் விலைக்கு வருகிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். விலை குறைவு. ஷஃபீனாவின் நகையோடு முடிந்துவிடும். வீட்டைத் தொட வேண்டியதில்லை.

"நானும் வர்றேன். இந்தத் தடவை கண்ணால பாக்காம விடமாட்டேன்" என்றாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சாயங்காலம் மகள் அஃப்ராவின் நிக்காஹ் பேச மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிற நாளில், கிடக்கிற வேலையையெல்லாம் அவள் தலையிலேயே கட்டிவிட்டு, ஷஃபீனா புருஷனின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

*

குரும்பகரத்தில் முருகானந்தத்தின் வீட்டை யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் நெல் காயப்போடும் களத்தின் ஓரமாக, நீலக் கலரில் பளபளவென்று நின்ற டிரெய்லர் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

முருகானந்தம் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வலது கால் தொடையோடு முடிந்திருந்தது. வேட்டியை அந்த இடத்தில் மடித்துச் செருகியிருந்தார்.

"வாங்க பாய். வாம்மா" என்றார். "எழுந்து வர முடியல. தப்பா நெனைக்காதீங்க."

"இருங்கண்ணே, இருங்க" என்று நஸ்ருதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பழகியவர்கள் அல்ல. ஆனால் துறைமுக கேட்டில் ஒரே வரிசையில் எத்தனையோ நாள் வண்டியை நிறுத்திக் காத்துக்கிடந்தவர்கள்.

"இந்த வண்டியிலயாண்ணே..." என்று காலைப் பார்த்துக் கேட்டார் நஸ்ருதீன்.

"சேச்சே. அது வேற. வாடகை டிரெய்லர். இது அப்ப வீட்டுல சும்மா நின்னுது." முருகானந்தம் களத்தைப் பார்த்துப் பேசினார். "நின்னு நின்னு பெயின்ட்டு போயிடுச்சு. அதான் புதுசா அடிச்சேன். போயிப் பாருங்க பாய். நல்லா குனிஞ்சு பாருங்க."

நஸ்ருதீன் களத்துக்குப் போனார். டயரைத் தட்டினார். மண்டிபோட்டு அடியில் நுழைந்தார். அவர் செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது. ரொம்ப நேரம் தெரிந்தது.

முருகானந்தத்தின் மனைவி தேவிகா ஷஃபீனாவை உள்ளே கூப்பிட்டாள். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. மெலிந்த பெண். பேச்சுக் கொடுத்துப் பழகாதவள் போல இருந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"உங்க வீட்டுக்காரர் தனியாத்தான் ஓட்டுவாராக்கா?"

"ஆமா. கூட ஆள் வெச்சுக்கக் கட்டுப்படி ஆவல."

"இவங்களும் தனியாத்தான் ஓட்டுனாங்க." தேவிகா அடுப்பை அணைத்தாள். "கூட ஆள் இருந்திருந்தா செத்திருப்பான்."

ஷஃபீனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இதே டிரெய்லர்தாங்க்கா" என்றாள் தேவிகா. குரலைத் தணித்தும் பேசவில்லை, ஏற்றியும் பேசவில்லை. "விழுப்புரம் தாண்டி ஒரு பாலத்துல. நடு பீம் விட்டுப்போயி வண்டி பாதியில மடங்கிடுச்சு. மேல இருந்த இரும்பு பூராவும் முன்னாடி சரிஞ்சு கேபின் மேல வந்து உக்காந்துடுச்சு. தகவல் வந்து நான் போய்ச் சேந்த பிறகும் மூணு மணி நேரம் கேஸ் வெச்சு வெட்டுனாங்க. கேபினை வெட்டுறாங்கன்னு நெனச்சுக்கிட்டுத்தான் நின்னேன். கடைசியில டாக்டர் காலையும் அங்கேயே வெட்டச் சொல்லிட்டாரு."

"அல்லாவே."

"முன்வண்டி காயலான் கடைக்குப் போச்சு. டிரெய்லரை மட்டும் வெல்டிங் வெச்சு ஒட்டி, பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. மூணு பேரு வந்து பாத்துட்டாங்க. அவங்ககிட்ட நான் சொல்லல. சொல்லவே கூடாதுன்னுதான் இருந்தேன். இது போனாத்தான் எங்களுக்கு அரிசி. ஆனா அவங்கள்லாம் தனியா வந்தாங்க. நீங்க அவருகூடவே வந்துட்டீங்களேக்கா."

ஷஃபீனா அவள் கையைப் பிடிக்கப் போனாள். தேவிகா கையை எடுத்துக்கொண்டாள்.

"நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. காலு போன பிறகு அவங்களுக்குக் கோவம் ஜாஸ்தி."

அவர்கள் வாசலுக்கு வந்தபோது நஸ்ருதீன் கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் இருக்குண்ணே" என்றார். "நாளைக்கு வந்து முடிச்சுக்கலாம்."

முருகானந்தம் தலையை ஆட்டினார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

*

ஷஃபீனா ஊரைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் நஸ்ருதீன் பைக்கை நிறுத்தினார். நீலகண்டன் போனில் கூப்பிட்டிருந்தார்.

"சொல்லுங்க சார்... நாளைக்குக் காலையிலயா?... பிரேக் பாத்துட்டாங்களா சார்?... சரி. சரி சார்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு லோடு. திருச்சிக்கு."

"பிரேக்கு பாத்தாச்சாமா?"

"பாத்துக்கலாம்ங்கிறாரு."

"அந்த நீல வண்டியை வாங்கக்கூடாதுங்க" என்றாள் ஷஃபீனா. "அவரு கால் போனது அதே வண்டியிலதான். நடு பீம் ஒடைஞ்சு ஒட்ட வெச்சது."

நஸ்ருதீன் வயலைப் பார்த்தார்.

"தெரியும்."

அவளுக்கு முதலில் அந்த வார்த்தை புரியவில்லை.

"பெயின்ட்டுக்கு அடியில வெல்டிங் வரி ஓடுது. நகத்தை வெச்சா தட்டுப்படும். பதினோரு வருஷம் டிரெய்லர் ஓட்டியிருக்கேன் ஷஃபீனா. அது கூடவா தெரியாது? ரெண்டு பக்கமும் பட்டை வெச்சு இன்னொரு வெல்டிங் போட்டுக்கலாம். லோடு கம்மியா ஏத்திக்கலாம்."

"கம்மியா ஏத்த விடுவாங்களா?"

அவர் பைக் சாவியைத் திருகினார்.

"தெரிஞ்சே போயி அதுல உக்காரப் போறீங்களா?"

"வேற என்ன பண்ணச் சொல்றே?" நஸ்ருதீன் குரல் உயர்ந்தது. ரோட்டில் போன ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். "நல்ல டிரெய்லர் வாங்கணும்னா வீட்டுப் பத்திரத்தை வெக்கணும். சாயங்காலம் அவங்க வர்றாங்க. பொண்ணுக்கு வீடுன்னு சொல்லித்தான் பேச்சே ஆரம்பிச்சிருக்கு. மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல வந்து இருக்குறதுதானே நம்ம வழக்கம். என் உம்மா என் தங்கச்சிக்கு வீடு குடுத்தாங்க. உன் உம்மா உனக்குக் குடுத்தாங்க. நம்ம புள்ளைய மட்டும் வெறுங்கையோட நிறுத்தச் சொல்றியா?"

"அதுக்காகத்தான் இதை வாங்குறீங்களா?"

"பின்ன எதுக்கு?"

வீட்டு வாசலில் இறங்கும்போது ஷஃபீனா சொன்னாள்: "அந்தப் பொண்ணு சொன்னதா மட்டும் அவருகிட்ட காட்டிக்காதீங்க."

"அவரு கேக்க மாட்டாரு" என்றார் நஸ்ருதீன். "நான் அடியில படுத்துக்கிட்டு எங்க கை வெச்சுப் பாத்தேங்கிறதை அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு. ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேருக்கும் வேற வழியில்ல."

*

மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் நஸ்ருதீன் நாளைய லோடுக்கு வண்டியைப் பார்க்க துறைமுகத்துக்குப் போய்விட்டார். அஃப்ரா விருந்தாளிகளுக்கான இனிப்பு வட்டிலப்பத்துக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது. ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மாப்பிள்ளை கமாலுதீன் ஷார்ஜாவில் இருக்கிறான். இரண்டு மாதமாகப் போனில் பேசிக்கொள்கிறார்கள் என்பது ஷஃபீனாவுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்துகொண்டிருந்தாள்.

ஷஃபீனா மகளிடம் எதையும் மறைக்கவில்லை. முருகானந்தத்துக்குக் கால் போனதைச் சொன்னாள். வெல்டிங்கைப் பற்றிச் சொன்னாள். "தெரியும்" என்று வாப்பா சொன்னதையும் சொன்னாள்.

அஃப்ராவின் கை நின்றது.

"எனக்கு வீடு வேணாம்னு சொல்லுவேன்னு எதிர்பாக்குறீங்களா உம்மா?"

ஷஃபீனாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"அப்படிச் சொல்ல வாய் வரல" என்றாள் அஃப்ரா. "வாப்பா சவூதியில இருந்தப்ப எல்லாரும் எங்கிட்ட என்ன சொன்னாங்க? 'இது உன் வீடு, உனக்காகத்தான் உங்க வாப்பா அங்க கெடக்குறாரு'ன்னு சொன்னாங்க. நானும் அப்படியே நெனச்சுட்டேன். மாடி ரூமுக்கு என்ன கலர் அடிக்கணும்னு கமால்கிட்ட போன வாரம்தான் பேசினேன். இப்ப ஒரு நிமிஷத்துல வேணாம்னு சொல்லச் சொன்னா எப்படி?"

"சொல்ல வேணாம்மா."

"வாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா அந்த வீட்டுல எப்படித் தூங்குவேன்? அதையும் என்னால சொல்ல முடியல." முட்டைப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு துப்பட்டாவால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "நீங்களே முடிவு பண்ணுங்க. எங்கிட்ட கேக்காதீங்க. அதுதான் நீங்க எனக்குப் பண்ற உதவி."

ஷஃபீனா அறைக்குள் போய் அலமாரியைத் திறந்தாள். வீட்டுப் பத்திரம் அவள் பெயரில் இருந்தது. பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்தாள். படிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சாயங்கால அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தாள்.

*

மாப்பிள்ளையின் தாய் அஜீசுன்னிசா தன் அண்ணன் முத்து முகம்மதுவோடு ஐந்து மணிக்கு வந்தார். நஸ்ருதீன் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் தடவி, வாசலுக்கே போய் அழைத்து வந்தார். ஆனால் நகக்கண்ணில் கிரீஸ் அப்படியே இருந்தது.

அஜீசுன்னிசா நல்ல மனுஷி. சும்மா குற்றம் கண்டுபிடிக்கிறவர் இல்லை. அஃப்ராவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"காத்தோட்டமான வீடு" என்றார். "கமால் மாடியில ஒரு ரூம் கட்டணும்ங்கிறான். லீவுல வந்தா ரெண்டு பேரும் மேல இருந்துக்குவாங்க. அவனே செலவு பண்றானாம். உங்களுக்குச் சம்மதம்தானே?"

"தாராளமா" என்றார் நஸ்ருதீன். "புள்ளைங்க வீடு. அவங்க இஷ்டம்."

"அப்ப பத்திரத்தை நிக்காஹுக்கு முன்னாடியே பொண்ணு பேருக்கு மாத்திடலாமா? எல்லாம் ஒரேயடியா முடிஞ்சிடும்" என்றார் முத்து முகம்மது.

நஸ்ருதீன் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்குள் ஷஃபீனா, அஜீசுன்னிசாவை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுப் பேசிவிட்டாள்.

"லாத்தா, ஒரு விஷயம் சொல்லணும். வீட்டை பேங்க்ல வெக்கப் போறோம்."

"ஷஃபீனா" என்றார் நஸ்ருதீன், மெதுவாக.

"இவங்களுக்கு நல்ல டிரெய்லர் வாங்கணும். இப்ப ஓட்டுறதுல பிரேக்கு இல்ல. போன வாரம் வயலுக்குள்ள இறங்கிடுச்சு. உங்ககிட்ட மறைச்சோம். இன்னும் மறைச்சா அது பாவம். அஞ்சாறு வருஷத்துல மீட்டு புள்ளைக்கே எழுதிக் குடுப்போம். இன்ஷா அல்லா."

"அஞ்சாறு வருஷமா" என்றார் முத்து முகம்மது.

அஜீசுன்னிசா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஷஃபீனாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் வீடு குடுத்துட்டேன். இப்ப நான் இருக்குறது சின்னவ வீட்டுல. என் மகன் கல்யாணம் பண்ணிட்டு எங்கேம்மா வந்து இருப்பான்? கடன்ல மூழ்கப்போற வீட்டுக்கா வருவான்?"

"மூழ்காது லாத்தா."

"வண்டிக்காரங்க வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு மாசம் லோடு இல்லன்னா என்ன பண்ணுவீங்க?"

மாப்பிள்ளை வீட்டார் எழுந்தார்கள். வட்டிலப்பத்தில் ஒரு ஸ்பூன் மரியாதைக்கு எடுத்துக்கொண்டார்கள். "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்றார் முத்து முகம்மது. அஜீசுன்னிசா வாசல்வரை போய்த் திரும்பி வந்து அஃப்ராவின் கன்னத்தைத் தொட்டார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

*

கதவைச் சாத்திவிட்டு வந்த நஸ்ருதீன் உட்காரவில்லை.

"யாரைக் கேட்டுச் சொன்னே?"

"வீடு என் பேருல இருக்கு."

"அப்படியா? சரி. உன் வீடு. உன் இஷ்டம். என் மவ மானத்தைத் தெருவுல வெச்சுட்டே. சவூதியில ஐம்பது டிகிரி வெயில்ல ரோட்டுல கெடந்தேன். ஒரு நாளும் அலுத்துக்கிட்டதில்ல. எதுக்காக? இந்த ஒரு நாளுக்காக. அதைத்தான் நீ..."

"முருகானந்தம் சம்சாரம் மூணு மணி நேரம் நின்னு பாத்தாளாம்" என்றாள் ஷஃபீனா. "நான் நிக்க மாட்டேன். என்னால முடியாது. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

"சரி, வீட்டை வெச்சாச்சுன்னே வெச்சுக்க. பேங்க்ல பணம் கெடைச்சு, பாடி கட்டி, ரிஜிஸ்டர் பண்ணி, டிரெய்லர் ரோட்டுக்கு வர ரெண்டு மாசம் ஆவும். அதுவரைக்கும்? ஹெட்டோட தவணையை யார் கட்டுவா? நாளைக்கு எட்டு மணிக்கு நான் நீலகண்டன் டிரெய்லரைத்தான் மாட்டணும். அந்த பிரேக்கைத்தான் மிதிக்கணும். அதுக்கு என்ன முடிவு வெச்சிருக்கே?"

ஷஃபீனா அதை யோசிக்கவே இல்லை. மத்தியானம் முழுக்கப் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பெரிய முடிவை எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாள். இந்த இரண்டு மாதம் அவள் கணக்கிலேயே இல்லை.

"பிரேக் பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு பக்கம் பிடிக்குது."

அப்போது அஃப்ராவின் போன் அடித்தது.

திரையில் தெரிந்த பெயரைப் பார்த்துவிட்டு அவள் முற்றத்துக்குப் போனாள். அந்தப் பக்கம் கமாலுதீன்தான் என்று கேட்காமலே தெரிந்தது. அஜீசுன்னிசா ஆட்டோவில் போகும்போதே மகனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். முற்றத்திலிருந்து அதிகம் கேட்கவில்லை.

"ஆமா... உம்மா சொன்னது நெசம்தான்... இல்ல, எனக்கு மத்தியானமே தெரியும்."

பிறகு ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். நஸ்ருதீன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஷஃபீனா அவரைப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. இரண்டு பேருடைய காதும் முற்றத்தில் இருந்தது. அந்தி மஃரிப் பாங்கு ஆரம்பித்தது. இருவரும் தொழுகைக்குப் போகவில்லை.

"சரி" என்றாள் அஃப்ரா. இன்னொரு தடவையும் "சரி" என்றாள்.

உள்ளே வந்தவளின் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அழுத மாதிரியும் இல்லை, சிரித்த மாதிரியும் இல்லை. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா சொன்னாரு?" என்று ஷஃபீனா கேட்டாள்.

அஃப்ரா தகப்பன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில லோடுக்குப் போவீங்களா, மாட்டீங்களா? மொதல்ல நீங்க அதைச் சொல்லுங்க வாப்பா. கமால் பதிலை வெச்சு நீங்க முடிவெடுக்கக் கூடாது. அப்பறம் அவரு சொன்னதை நான் சொல்றேன்."